லாங் ஷாட்டில் நடந்தது

மே 6, சனி

வந்து சேர்ந்தோம். பதினெட்டு பேர், முப்பத்தொரு பெட்டி. வராமல் போன ஒரே பெட்டி என்னுடையது.

ஊரின் பெயர் பாலிக்ளோரா. அயர்லாந்தின் மேற்குக் கரையோரம். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு முதியோர் இல்லம். மிச்சமெல்லாம் புல்லும் ஆடும். எங்கள் படத்தின் கதை: தோழியின் கல்யாணத்துக்கு வரும் சென்னைப் பெண்ணின் சூட்கேஸ் மாறிப்போகிறது. அது ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு தமிழனிடம் போய்ச் சேர்கிறது. சண்டை, மழை, காதல். படத்தில் மாறவேண்டிய சூட்கேஸ் பத்திரமாக வந்துவிட்டது.

என் வேலை கண்டினியுட்டி. போன ஷாட்டில் கதாநாயகியின் கம்மல் எது, கோப்பையில் தேநீர் எவ்வளவு, ஈர முடி எந்தப் பக்கம் விழுந்திருந்தது, எல்லாம் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது நீலப் பொட்டும் உள்ளே நுழையும்போது சிவப்புப் பொட்டுமாக இருப்பாள். பதினோரு வருடமாக நான்கு இயக்குநர்களுக்கு இதைத்தான் செய்கிறேன். இப்போதைய இயக்குநர் தயாபரனுக்கு முப்பத்தொரு வயது. என்னைவிட ஆறு வயது சின்னவன். "அரசிக்கா" என்பான். மங்கையர்க்கரசி என்று முழுதாகக் கூப்பிட இந்த உலகத்தில் என் அம்மா மட்டும்தான் மிச்சம்.

அந்த நோட்டு படத்துக்கு. இந்த நோட்டு எனக்கு.

மே 8, திங்கள்

முதியோர் இல்லத்துப் புல்வெளியில் கல்யாண விருந்துக் காட்சி. அங்கே இருப்பவர்களே விருந்தாளிகளாக நடிக்கிறார்கள். இல்லத்திலிருந்து ஒரு நர்ஸ் உதவிக்கு வருவார், தமிழ் தெரியும், பெயர் பிரைட்சிங் என்றார்கள். சிங் என்றதும் புரொடக்ஷன் மேனேஜர் காலையிலேயே சப்பாத்திக்குச் சொல்லிவிட்டார். நானும் தலைப்பாகையைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

வந்தவர் மார்த்தாண்டத்துக்காரர். நாற்பது, நாற்பத்தொன்று இருக்கும். "சப்பாத்தியா? சோறு இல்லியா?" என்பதுதான் அவர் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம்.

விருந்தாளிகளில் மோரின் என்று எண்பத்து மூன்று வயது அம்மா. ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொப்பியை மாற்றுகிறார். பச்சைத் தொப்பியோடு கைதட்ட ஆரம்பித்து ஊதாத் தொப்பியோடு முடித்தார். ஏன் என்று கேட்டால், "என்னிடம் ஏழு தொப்பி இருக்கிறது கண்ணே, சினிமா ஒன்றுதான் வந்திருக்கிறது" என்கிறார்.

குறிப்பு: கதாநாயகி நிவிதா, இடது கையில் கோப்பை, பாதி அளவு, முந்தானை இடது தோளில். கதாநாயகன் கௌசிக், மேல் பட்டன் திறந்தது. நர்ஸ், கருநீல ஸ்வெட்டர், வலது முழங்கையில் சாம்பல் நிற ஒட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. (இவர் காட்சியில் இல்லை. பழக்க தோஷம்.)

மே 9, செவ்வாய்

மழை.

மே 10, புதன்

மழை. பெட்டி வந்தது. உள்ளே இட்லிப்பொடி கொட்டி எல்லா உடையும் ஒரே நிறம்.

மே 12, வெள்ளி

பத்து நிமிட வெயில். ஒன்பது நிமிடம் ஆடுகளைச் சரிசெய்வதில் போயிற்று.

மோரினின் தொப்பிப் பிரச்சினையை நர்ஸ் தீர்த்துவைத்தார். மற்ற ஆறு தொப்பிகளையும் துவைக்கப் போட்டுவிட்டதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "பொய் சொல்லலாமா?" என்றேன். "சொன்ன பெறவு நெசமாவே தொவைச்சாச்சு. இப்ப பொய் இல்லியே" என்றார்.

இன்று பழுப்பு ஸ்வெட்டர்.

மே 14, ஞாயிறு

விடுமுறை. அம்மா விருதுநகரிலிருந்து கூப்பிட்டாள். குளிருக்கு என்ன போட்டிருக்கிறேன், சோறு கிடைக்கிறதா, போன மாதம் வந்த வரனுக்கு என்ன பதில், மூன்று கேள்வி. முதல் இரண்டுக்குப் பதில் சொன்னேன்.

அடுத்த அழைப்பு சென்னையிலிருந்து. தயாரிப்பாளர் இந்திராணி மேடத்தின் ஆபீஸ். மூன்று வருடமாக அந்த வாசலில் என் கதையைச் சொல்ல நேரம் கேட்டு நிற்கிறேன். ஜூன் ஐந்து, காலை பதினொரு மணி. ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் நடக்கப் போனபோது நர்ஸைப் பார்த்தேன். அவரிடம் மட்டும் சொன்னேன். வழியில் வேறு யாரும் இல்லை, அதனால்தான்.

மே 16, செவ்வாய்

நிவிதா சேற்றில் விழுந்தாள்.

இந்த ஊரில் புல் மாதிரித் தெரிவதெல்லாம் தரை இல்லை. கௌசிக்கின் கையை உதறிவிட்டு ஓடும் காட்சி. நன்றாகத்தான் உதறினாள், நன்றாகத்தான் ஓடினாள், எட்டாவது அடியில் இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். கௌசிக் கரையில் நின்று "யாராவது வாங்க" என்றான். நர்ஸ் ஒரு பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்து அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தார். கணுக்கால் பிசகியிருக்கிறது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் ஊன்றக் கூடாது.

தயாபரன் ஆட்டுப்பட்டிச் சுவரில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். நிவிதாவை உட்காரவைத்து க்ளோசப்களை எல்லாம் எடுத்துவிடலாம் என்று நான்தான் தேற்றினேன்.

நர்ஸின் ஸ்வெட்டர் முழுக்கச் சேறு. எந்த ஸ்வெட்டர் என்று பார்க்கவில்லை. கருநீலம்.

மே 17, புதன்

மழை. ஷூட்டிங் இல்லை. நர்ஸ் கேட்டார்: "அஞ்சாம் தேதி கத சொல்லப் போறிய இல்லியா? எனக்க கிட்ட ஒருக்கா சொல்லிப் பாருங்க. சினிமா தெரியாதவன் கேட்டாத்தான் எங்க நொண்டுதுன்னு தெரியும்."

முதியோர் இல்லத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்தோம். வெளியே மழை, உள்ளே நான்கு பேர் சீட்டாட்டம். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்ட், டிக்கெட் கவுன்டர் பெண், தினமும் தவறான பஸ்ஸில் ஏறும் ஒருவன். நடித்தே காட்டினேன். சீட்டாடியவர்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை புரியாமலே மோரின் இரண்டு இடத்தில் சிரித்தார், இரண்டும் சரியான இடம்.

இடைவேளை வந்ததும் மூச்சு வாங்க நிறுத்தி, நர்ஸைப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து.

மே 18, வியாழன்

பேசவில்லை.

மே 19, வெள்ளி

அவரே வந்தார். கையில் ஒரு பாத்திரம், மூடியைத் திறந்தால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். காலவே நகரத்தில் ஒரு மலையாளக் கடையில் கிழங்கு கிடைக்கிறதாம். போக வர நூறு கிலோமீட்டர்.

"நைட் டூட்டி பாத்துட்டு நேரா வந்திருந்தேன். அதச் சொல்லி மாப்பு கேக்கலாம்னுதான் வந்தேன். பின்னெ யோசிச்சேன், மீன்கறி நல்லாப் பேசும்."

கோபமாகத்தான் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.

"எதுவரைக்கும் கேட்டீங்க?" என்றேன்.

"இடைவேளைக்குக் கொஞ்சம் முன்ன வரை. ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கப்படாது."

"சொல்லுங்க."

"அந்த டிக்கெட் குடுக்குற பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அவ கவுன்டருக்குள்ளயே இருக்கா. அவன் வாறான், போறான், அவன் கேப்பானான்னு எல்லாரும் பாத்துட்டு இருக்கோம். அவ என்னத்த செய்தா? ஒண்ணும் செய்யல்லியே."

பதினோரு வருடமாகச் செதுக்கிய கதை. அதை மூன்று வாக்கியத்தில் ஒரு நர்ஸ், அதுவும் பாதித் தூக்கத்தில் கேட்டுவிட்டு! அவன் கேட்பதில்தான் கதையே இருக்கிறது, சஸ்பென்ஸ் அதுதான், திரைக்கதை என்றால் என்னவென்று தெரியுமா என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டார்.

சரியாக இல்லை. அவர் சொன்னதுதான் சரி. இரண்டாம் பாதி முழுவதையும் மாற்றவேண்டும்.

மே 22, திங்கள்

எழுதுகிறேன். மழைக்கு நன்றி.

மே 23, செவ்வாய்

காலை க்ளோசப். நிவிதா சோபாவில், கட்டுப்போட்ட கால் ஃப்ரேமுக்கு வெளியே ஒரு தலையணைமேல். அவளும் கௌசிக்கும் காட்சிக்கு நடுவில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "ஆக்‌ஷன்" என்றதும் உருகுகிறார்கள், "கட்" என்றதும் இரண்டு பேரும் போனை எடுக்கிறார்கள்.

மதியம் எழுதினேன். டிக்கெட் கவுன்டர் பெண் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். எங்கே போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை, நன்றாக நடக்கிறாள்.

நர்ஸுக்கு மூன்று நாள் விடுமுறை என்று மோரின் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த அம்மாவாகவே சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 25, வியாழன்

கௌசிக் கிளம்பிவிட்டான். வேறொரு படத்துக்குக் கொடுத்த தேதி. மீதியிருப்பது ஒரே ஒரு ஷாட்: மழை ஓய்ந்து வெயில் வரும்போது கதாநாயகனும் கதாநாயகியும் கைகோர்த்துக் குன்றின்மேல் ஏறி, உச்சியில் இருக்கும் ஒற்றை மரத்தடியில் நிற்பது. படம் முடிவதே அந்த ஷாட்டில்தான். கதாநாயகன் விமானத்தில், கதாநாயகி சோபாவில், வெயில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை எங்கள் எல்லோருக்கும் டிக்கெட்.

"தூரத்துல இருந்து எடுக்குற ஷாட்தானே? டூப் போடு" என்றேன் தயாபரனிடம்.

மே 27, சனி

மழை. தயாபரன் வானிலைச் செயலியை நாலு நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறான்.

நிவிதாவின் உயரம், உடல்வாகு எல்லாம் யூனிட்டில் யாருக்குப் பொருந்தும் என்று காஸ்ட்யூமர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஐந்தடி நான்கு. நான்தான். ஆண்களில் கௌசிக் அளவுக்கு உயரம் யூனிட்டில் ஒருத்தரும் இல்லை. "அந்த நர்ஸ் சார் கரெக்டா இருப்பார்" என்று தயாபரனே சொன்னான். நான் எதுவும் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

மே 28, ஞாயிறு

வெயில்!

காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் ஊரே துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது. ஒன்பது மணிக்குள் கேமரா பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம், நாங்கள் இருவரும் அந்தப் பக்கம். நடுவில் நானூறு மீட்டர். எனக்கு நிவிதாவின் மஞ்சள் மழைக்கோட்டு, அவருக்குக் கௌசிக்கின் நீளமான சாம்பல் கோட்டு. என் சட்டைப்பையில் வாக்கி டாக்கி.

"அக்கா, முகமே தெரியாது, பயப்படாதீங்க. கையப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க" என்றான் தயாபரன் அதன் வழியாக.

ஏறினோம். "கட்! அக்கா, பேசிக்கிட்டே நடங்க. பேசாம நடந்தா ரேஷன் கடைக்குப் போற மாதிரி இருக்கு."

"என்ன பேச?"

"என்ன வேணா பேசுங்க. வாயசைவு தெரியாது. தலை மட்டும் அசையணும்."

இரண்டாவது டேக்கில் அவர் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசினார். உப்பைக் குறைப்பது எப்படி என்று குன்றின் உச்சிவரை. ஆடு குறுக்கே வந்து டேக் போயிற்று.

மூன்றாவது டேக்கில் அவருடைய அம்மாவைப் பற்றி. மார்த்தாண்டத்தில் தனியாக இருக்கிறார், கோழி வளர்க்கிறார், கோழிகளுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர் வைத்திருக்கிறார். நான் சிரித்தேன். "அருமை, அருமை" என்றது வாக்கி டாக்கி. பிறகு மேகம் வந்து மறைத்தது.

நான்காவதில் அவர் கேட்டார்: "நீங்க ஏன் கல்யாணம் கழிக்கல்ல?"

"ஒருத்தர் பேசி முடிவாச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் சினிமா வேண்டாம்னார். சரி, நீங்க வேண்டாம்னேன்."

"பெறவு?"

"பிறகு ஷூட்டிங் இருந்துச்சு. நீங்க?"

"சவுதியில அஞ்சு வருஷம். பெறவு இங்கிலீஷ் பரிச்ச. மூணு தடவ தோத்தேன். நாலாவது தடவ ஜெயிச்சு இஞ்ச வந்து, மூச்சு விட்டுத் திரும்பிப் பாத்தா நாப்பது வயசு நிக்குது."

ஐந்தாவது டேக் நன்றாக வந்ததாம். ஆனால் எந்தக் கையால் பிடித்தோம் என்பதில் குழப்பம். கௌசிக் க்ளோசப்பில் வலது கை. இவர் இடது கையை நீட்டியிருக்கிறார். கண்டினியுட்டி பார்க்க ஆளில்லை, பார்க்கவேண்டியவள் ஃப்ரேமுக்குள் மஞ்சள் கோட்டில் நிற்கிறாள். என் பதினோரு வருட வாழ்க்கையில் முதல் பிழை. மறுபடியும் கீழே இறங்கினோம்.

ஆறாவதில் மோரின் தொப்பியோடு ஃப்ரேமுக்குள் நுழைந்துவிட்டார். தானும் கல்யாண விருந்தாளிதான், கடைசிக் காட்சியில் இல்லாவிட்டால் எப்படி என்று வாதம். நிவிதா ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டே வந்து அவரைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

ஏழாவது டேக்கில் இரண்டு பேரும் பேசவில்லை. தயாபரன் திட்டினான்.

எட்டாவதுக்குக் கீழே நின்றபோது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு எப்ப கிளம்புதிய?"

"காலைல ஆறு மணி."

"நான் டூட்டியில இருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பலகை போட்டுச் சேற்றில் படுத்து ஒரு ஆளை இழுப்பார், கிழங்குக்காக நூறு கிலோமீட்டர் போவார், இதைக் கேட்க மாட்டார். என்னை அனுப்பிவிட்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேனா என்று ஒரு செய்தி போடுவார். நானும் கைகூப்பும் எமோஜி ஒன்று அனுப்புவேன். அப்படியே முடிந்துவிடும்.

"ஆக்‌ஷன்."

பாதிக் குன்று ஏறியதும் கேட்டேன். "என்னைக் கல்யாணம் செஞ்சுக்கிறீங்களா?"

அவர் நின்றுவிட்டார்.

"அக்கா, ஏன் நிக்கிறீங்க? நடங்க, நடங்க! மேகம் வருது!"

"இப்ப நீங்க என்ன சொன்னிய?" என்றார்.

"நடங்க சார். கேமரா ஓடுது."

நடந்தோம். மரம்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. என் காது சூடாகிவிட்டது. அயர்லாந்தில் எனக்குக் குளிராமல் இருந்தது அந்த இருநூறு அடி மட்டும்தான். "கட். ஒன் மோர். நடுவுல நின்னுட்டீங்க" என்றான் தயாபரன். இறங்கினோம். ஒன்பதாவது டேக்கின் ஆக்‌ஷனுக்காகவே காத்திருந்தவர் போல, முதல் அடி வைத்ததும் ஆரம்பித்தார்.

"நான் ஜோலிய விடமாட்டேன்."

"விடச் சொல்லல."

"நீங்களும் சினிமாவ விடண்டாம்."

"விட மாட்டேன்."

"பின்னெ எப்படி? நான் இஞ்ச, நீங்க அங்க."

"படம் எடுக்குறப்ப அங்க இருப்பேன். எழுதுறப்ப இங்க வருவேன். இங்க மழை நல்லா பெய்யுது, எழுத வருது."

அவர் நாலடி யோசித்தார். "எனக்கு வருஷத்துக்கு அஞ்சு வாரம் லீவு. அதுக்கு மேல வேணும்னா கேட்டுப் பாக்கணும். ஜனவரி சரியா வருமா?"

"அது பதிலா?"

"ஆமா. பதிலுதான்." பிறகு, "எட்டாவது தடவையிலயே சொல்லியிருப்பேன். மூச்சு கிட்டல்ல."

மரத்தடிக்கு வந்துவிட்டோம். "கட்! ஓகே! பேக்கப்!" என்று வாக்கி டாக்கி அலறியது. அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டுவது எறும்புகள் குதிக்கிற மாதிரித் தெரிந்தது. கட் சொன்ன பிறகு கைகள் எவ்வளவு நேரம் விலகவில்லை என்பதைக் குறிக்கும் நோட்டு கேமரா பக்கம் இருந்தது.

மே 29, திங்கள்

காலை ஆறு மணி. முதியோர் இல்லத்து வாசலில் வேனை நிறுத்தச் சொன்னேன். டூட்டி உடையில் வெளியே வந்தார். மொத்த யூனிட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் கைகுலுக்கினோம். கைகுலுக்கி முடிக்க நேரமாகிவிட்டது. தயாபரன் ஹாரன் அடிக்கச் சொன்னான்.

ஜூன் 5, திங்கள், சென்னை

இந்திராணி மேடம் ஒரு மணி நேரம் என்றவர் இரண்டரை மணி நேரம் கேட்டார். தூங்கவில்லை. ஏழு இடத்தில் சிரித்தார். டிக்கெட் கவுன்டர் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடித்ததும், "ரெண்டு பாட்டு அதிகம், பட்ஜெட் சின்னது. சம்மதம்னா செய்யலாம். ஜனவரில ஆரம்பிக்க முடியுமா?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருடம்! வாய் தானாகச் சொன்னது: "பிப்ரவரி மேடம். ஜனவரில ஒரு கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். ஆபீஸ் பையன் லட்டு வாங்கப் போனான். அப்போதுதான் உறைத்தது, அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டே கூப்பிட்டேன். படம் கிடைத்ததை முதலில் சொன்னேன். அழுதாள். கொஞ்சம் ஓயட்டும் என்று விட்டு மற்றதையும் சொன்னேன். பெயர், ஊர், வயது, எங்கே வேலை, ஜனவரி. கேட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவளுக்குப் பின்னால் குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டாவதும் அடித்தது.

"மங்கையர்க்கரசி."

"சொல்லும்மா."

"வேதக்காரரா?"

"ஆமாம்மா, கிறிஸ்தவர்தான்."

"நர்ஸா?"

"ஆமா."

மூன்றாவது விசில். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எனக்கு இந்த வலது முட்டி ரெண்டு வருஷமா மடக்க முடியல. டாக்டர் குடுத்த மாத்திரை எதுவும் கேக்கல. மாப்பிள்ளைகிட்ட என்னன்னு கேட்டுச் சொல்லு."

கேட்டேன். எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொல்கிறார்.